குரங்குக் காய்ச்சல், 1957 முதல்: நோய் நகர்ந்த பாதையா, பரிசோதனை நகர்ந்த பாதையா?

ஈரநிலம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கியாசனூர் காட்டு நோய், உண்ணி கடித்து வருவது, நாம் குரங்குக் காய்ச்சல் என்று சொல்வது, மேற்குத் தொடர்ச்சி மலையில் எப்படிப் பரவியது என்பதை ஆண்டுவாரியாக ஓடும் வரைபடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 3.14-க்குப் பிறகு, படத்தைக் காலவரிசையில் ஓட்டும் டெம்போரல் கன்ட்ரோலர் உள்ளேயே வந்துவிட்டதால் ஓடவிடுவது பெரிய வேலை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

என்னிடம் இருக்கும் வரிசை இது. 1957, அன்றைய ஷிமோகா மாவட்டம், சொரபா தாலுகா, கியாசனூர் காடு. குரங்குகள் செத்து விழுந்தன, பக்கத்து ஊர்களில் ஆட்களுக்குக் கடும் காய்ச்சல், புனே வைரஸ் ஆய்வு மையத்துக்காரர்கள் வந்து செத்த குரங்கிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு பல வருடம் சொரபா, சாகர், ஷிகாரிபுரா வட்டாரத்துக்குள்ளேயே. எழுபதுகளில் உத்தர கன்னடா. 1982-84-ல் தெற்கே பெல்தங்கடி. 2012 கடைசியில் பந்திப்பூர். 2013-ல் வயநாடு, நீலகிரி. 2014-ல் மலப்புறம் மாவட்டம் நிலம்பூர். 2015-ல் கோவாவின் சத்தரி தாலுகாவில் பாலி கிராமம். 2016-ல் மகாராஷ்டிராவின் சிந்துதுர்க் மாவட்டம், தோடாமார்க்.

இதை ஓடவிட்டால் 55 வருடம் கர்நாடகாவில் ஐந்து மாவட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த நோய், 2012-க்கு அப்புறம் நாலே வருடத்தில் நாலு புது மாநிலத்தில் பாய்ந்த மாதிரி இருக்கிறது. பார்க்கிறவர் மிரண்டுபோவார். எனக்கு இதைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. "முதலில் கண்டுபிடித்த வருடம்" என்பதை "வந்து சேர்ந்த வருடம்" என்று வரைபடம் சொல்லிவிடுகிறதோ என்று தோன்றுகிறது. இதை எப்படிக் காட்டுவது நேர்மை? கள அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தரவுத்தறி

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. 2012-ல் இன்னொன்றும் நடந்தது. புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில், மிக ஆபத்தான கிருமிகளைக் கையாளும் பிஎஸ்எல்-4 ஆய்வகம் திறந்தது அந்த வருடக் கடைசியில்தான். இந்த நோய்க்கான பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடுவது), ஐஜிஎம் எலைசா (வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுவது) பரிசோதனைகளும் அதே சமயத்தில்தான் கைக்கு வந்தன. அதற்கு முன்னால் மாதிரியைச் சுண்டெலிக்குட்டிக்குச் செலுத்திக் காத்திருந்து பார்க்கும் முறை. அப்படி ஒரு பரிசோதனையை ஷிமோகா பக்கத்துக் காய்ச்சலுக்குச் செய்வார்கள். வயநாட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் ரத்தக்கசிவும் வந்தால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று தேடுவார்களே தவிர, இதை யார் தேடியிருப்பார்கள்?

இன்னொரு பழைய செய்தி. நோயைக் கண்டுபிடித்த காலத்திலேயே கட்ச், சௌராஷ்டிரா பக்கத்து மக்கள் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி தென்பட்டது. அங்கே நோயாக யாரும் பார்க்கவில்லை. நெருங்கிய வேறு வைரஸ் ஏதாவது அந்த ஆன்டிபாடியை உண்டாக்கியிருக்கலாம். ஆனால் வரைபடத்தில் அதை என்ன செய்வீர்கள்? புள்ளி வைத்தாலும் பொய், விட்டாலும் பொய்.

அதற்காக 2012-க்குப் பிறகு எதுவுமே நகரவில்லை என்று நான் சொல்லவில்லை. நகர்வும் தேடலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன, கண்டறிந்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைப் பிரிக்க முடியாது. அவ்வளவுதான்.

---

கூடலூரான்

நான் இருக்கிறது கூடலூர். கர்நாடகா பந்திப்பூர், தமிழ்நாட்டு முதுமலை, கேரளா முத்தங்கா மூணும் எங்களுக்கு ஒரே காடுங்க. ரோட்டுல போனா மூணு செக்போஸ்ட், யானைக்கும் குரங்குக்கும் ஒண்ணும் கிடையாது. 2012 கடைசில பந்திப்பூர் பக்கம் வன ஊழியருங்க சிலருக்குக் காய்ச்சல் வந்துச்சு. செத்த குரங்குகளை எடுத்து அப்புறப்படுத்தின ஆளுங்க அவங்க. அடுத்த சில மாசத்துலயே வயநாடும் நீலகிரியும் பட்டியல்ல சேந்துடுச்சு.

அதனால உங்க வரைபடத்துல கர்நாடகா ஒரு கலர், கேரளா ஒரு கலர், தமிழ்நாடு ஒரு கலர்னு மூணா உடைச்சுக் காட்டாதீங்க. அது மூணு பரவல் இல்ல, ஒரே இடம். மாநில எல்லையை எடுத்துட்டு காட்டு எல்லையைப் போட்டுப் பாருங்க. நாலு மாநிலப் பாய்ச்சல்ல பாதி அங்கேயே கரைஞ்சுடும்.

இன்னொண்ணு. நீலகிரியில அப்ப வைரஸ் உறுதியானது செத்துக்கிடந்த குரங்குல. மனுஷக் கேஸ மட்டும் வரைஞ்சா எங்க மாவட்டம் வெள்ளையா நிக்கும். வைரஸ் இருந்துச்சு, ஆனா படத்துல இல்ல.

---

ஈரநிலம்

கூடலூரான் அண்ணே, குரங்கு இறப்பைத் தனி அடுக்காக வைக்கிறேன். மாவட்டத்தை முழுசாக வண்ணம் தீட்டுவதையும் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். காட்டோரத்தில் ஒரு கிராமத்தில் ஒரு கேஸ் வந்ததற்காக ஊட்டி, குன்னூர் எல்லாம் சிவந்து தெரிவது அநியாயம்.

மாவட்ட எல்லையிலேயே இன்னொரு கோளாறும் இருக்கிறது. உடுப்பி 1997-ல்தான் தட்சிண கன்னடாவிலிருந்து பிரிந்தது, சாமராஜநகர் அதே வருடம் மைசூரிலிருந்து. 1983-ன் "தட்சிண கன்னடா" எண்ணிக்கையை இன்றைய எல்லையில் போட்டால், அப்போது கணக்கில் இருந்த உடுப்பி பக்கம் காலியாகத் தெரியும். பிறகு 1997-ல் உடுப்பிக்குள் நோய் "நுழைவது" மாதிரி படம் ஓடும். தாலுகா அளவுக்கு இறங்கினால்தான் இதிலிருந்து தப்பிக்க முடியும்.

---

ஓய்வுபெற்ற_ஹெச்ஐ

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிகள் புள்ளி வைப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

காய்ச்சல்காரர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ரத்தம் எடுக்கும்போது படிவத்தில் பெயர், வயசு, ஊர், போன் நம்பர் எழுதுவார்கள். அந்த "ஊர்" என்கிற கட்டத்தில் என்ன விழும்? ரேஷன் கார்டில் உள்ள ஊர். அவர் ஒரு மாதமாகப் பக்கத்து மாவட்டத்தில் எஸ்டேட் லைன் வீட்டில் தங்கி வேலை செய்திருப்பார். சில படிவத்தில் அனுப்பிய ஆஸ்பத்திரியின் ஊர்தான் இருக்கும், ஏனென்றால் அவசரத்தில் முத்திரையைப் பார்த்து எழுதியிருப்பார்கள். உண்ணி எங்கே கடித்தது என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

தேதியும் அப்படித்தான். ஒரே ஆளுக்கு நாலு தேதி: காய்ச்சல் தொடங்கிய நாள், ஆஸ்பத்திரிக்கு வந்த நாள், மாதிரி எடுத்த நாள், ரிசல்ட் வந்த நாள். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் கடைசித் தேதிதான் நிற்கும். மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் அனுப்பினால் ஒரே நாளில் இருபது கேஸ் வெடித்த மாதிரி இருக்கும். கடி பட்டு காய்ச்சல் வர 3 முதல் 8 நாள். ஆகவே காய்ச்சல் தொடங்கிய நாள் தெரிந்தால் பின்னால் எண்ணி, அந்த வாரம் காட்டில் எங்கே போனார் என்று கேட்கலாம். ரிசல்ட் தேதியை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

இது வெறும் துல்லியத்துக்காகச் சொல்வது இல்லை. கர்நாடகாவில் தடுப்பூசி போட்ட காலத்தில், கேஸோ குரங்கு இறப்போ வந்த இடத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வளையம் போட்டு அதற்குள் இருக்கும் ஊர்களுக்குத்தான் ஊசி. வளையத்தின் நடுப்புள்ளி தவறாக விழுந்தால் தவறான ஊருக்கு ஊசி போகும், கடி வாங்கிக்கொண்டிருக்கிற ஊர் விட்டுப்போகும்.

---

மலநாட்டுத்தமிழ்

சாகர் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. ஹெச்ஐ சார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் ஊரில் கடி வாங்க நடுக்காட்டுக்குப் போக வேண்டும் என்று இல்லை. பாக்குத் தோட்டத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் காய்ந்த இலைச் சருகை மூட்டை மூட்டையாகக் காட்டிலிருந்து கொண்டுவருவார்கள். கொல்லையில் குவித்திருக்கும் அந்தச் சருகோடு உண்ணியும் வீட்டுக்கு வருகிறது. வீட்டைச் சுற்றி சருகுக் குவியல் இருப்பது ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஆய்விலும் வந்திருக்கிறது. சருகு எந்தச் சரிவில் அள்ளியது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். வருகிற அதிகாரிகள் வீட்டு ஆண்களைத்தான் கேட்கிறார்கள்.

2018 டிசம்பர், 2019 ஜனவரியில் சாகர் தாலுகா அரளகோடு பஞ்சாயத்தில் பலர் இறந்தார்கள். 1957-ல் தொடங்கிய இடத்துக்குக் கிட்டத்தில், அறுபது வருடம் கழித்து. உங்கள் ஓடும் படத்தில் கண்ணெல்லாம் தெற்கே வயநாட்டுக்கும் வடக்கே கோவாவுக்கும் போய்விடும், பழைய இடம் மங்கிவிடும். "புதிதாகப் பரவியது" என்று மட்டும் காட்டும் படம் எங்களை மறந்துபோகிறது. எங்களுக்கு இது ஒருநாளும் போகவே இல்லை. 2022-ல் தடுப்பூசியும் நிறுத்தப்பட்டுவிட்டது.

---

அலைமுகம்

ஒரு யோசனை. ஐரோப்பாவில் நரிகளிடம் வெறிநோய் பரவியதை அழகாக வரைந்திருக்கிறார்கள். போலந்துப் பக்கத்திலிருந்து வருடத்துக்கு 20 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே நகர்ந்து 1968-ல் பிரான்ஸைத் தொட்டது. ஒவ்வொரு வருடமும் நோய் எட்டிய இடங்களை ஒரு கோட்டால் இணைத்தால், குளத்தில் அலை விரிவது மாதிரி முகப்பு தெரியும். இங்கேயும் அப்படி ஆண்டுக்கோடு போட்டால் வேகம், திசை இரண்டும் கிடைக்குமே?

---

தரவுத்தறி

அலைமுகம், நரிக்கு அது பொருந்தும். நரிகளின் ஆட்சிப்பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன, நோய் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிறது, இடையில் ஓட்டை இல்லை.

இங்கே பெல்தங்கடியிலிருந்து பந்திப்பூர் நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். நடுவில் ஹாசனின் மலைப்பகுதி, குடகு, நாகரஹொளே. ஆண்டுக்கோடு வரைந்தால் மென்பொருள் என்ன செய்யும்? 1983-க்கும் 2012-க்கும் நடுவே சமமாகப் பங்குபோட்டு, குடகுக்கு 1997, 1998 என்று ஒரு தேதியைத் தானாகக் கொடுத்துவிடும். அந்தத் தேதியை யாரும் கண்டதில்லை. ஆனால் அச்சில் வந்ததும் அது தரவு ஆகிவிடும், அடுத்தவர் அதை எடுத்துக் கட்டுரை எழுதுவார். இடைமதிப்பு போடும் எந்த முறையையும் இந்த நோய்க்கு நான் ஏற்க மாட்டேன்.

---

அலைமுகம்

முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1957-லிருந்து 1983 வரை சொரபாவிலிருந்து உத்தர கன்னடா, தட்சிண கன்னடா என்று ஒட்டி ஒட்டித்தானே விரிந்தது? கோவாவும் சிந்துதுர்க்கும் உத்தர கன்னடாவுக்கு மேலே அடுத்தடுத்துதான் இருக்கின்றன. வடக்குப் பக்கத்துக்கு மட்டுமாவது கோடு போடலாம். தெற்கே விட்டுவிடுங்கள்.

---

தரவுத்தறி

வடக்குக்கு நீங்கள் சொல்வது ஓரளவு நிற்கும். அப்படியே போட்டாலும் "நோய் முகப்பு" என்று பெயர் வைக்க வேண்டாம், "அறிவிக்கப்பட்ட எல்லை" என்று வையுங்கள்.

---

மாட்டுவைத்தியர்

கால்நடை மருத்துவன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், உண்ணியின் பக்கத்தை யாரும் தொடவில்லை.

ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணிதான் முக்கியக் கடத்தி. தானாக நடந்து அது போகும் தூரம் சில மீட்டர்தான். எலி, பறவை, குரங்கு, மாடு என்று எதன் மேலாவது தொற்றிக்கொண்டுதான் தூரம் போகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா ரோடும் சந்தையும் பார்த்துப் பரவியதே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. பஸ் ரூட்டை அடுக்காகப் போட்டு எதுவும் கிடைக்காது.

காடு வெட்டுவதை அடுக்காகப் போடுங்கள், அப்போது தெரியும். 1983 பெல்தங்கடியில் முந்திரித் தோட்டம் போடக் காட்டை அழித்த இடத்தில்தான் அது கிளம்பியது. அந்த ஒரு பருவத்தில் 1,500-க்கு மேல் நோயாளிகள், 150 பேர் அளவில் சாவு. அதற்கு முன்பே, 1960-களில், ஹோர்ஹே பொஷெல் என்ற ஆய்வாளர் இதைக் காட்டின் சமநிலை குலைந்ததால் வந்த நோய் என்று எழுதினார். காட்டைத் திருத்தி மாட்டை மேயவிட்டால் பெரிய உண்ணிகளுக்கு மாட்டு ரத்தம் கிடைக்கிறது, எண்ணிக்கை பெருகுகிறது. மாடு வைரஸைப் பெருக்குவதில்லை, உண்ணியைப் பெருக்குகிறது. பாலி கிராமத்திலும் மாட்டிக்கொண்டவர்கள் முந்திரி பொறுக்கப் போனவர்கள்தான். முந்திரிப் பருவமும் உண்ணிக்குஞ்சுப் பருவமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன.

தொடக்கத்தில் பறவை மேலும் சந்தேகம் இருந்தது. இந்த வைரஸ் ரஷ்யாவின் உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸுக்குச் சொந்தம் என்று தெரிந்ததும், சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று பார்த்தார்கள். சலீம் அலி பறவைகளுக்கு வளையமிட்ட பெரிய வேலைக்கு அதுவும் ஒரு காரணம். அப்போது யாராவது வலசைப்பாதையின் மேல் அம்புக்குறி போட்டிருந்தால் பார்க்க எடுப்பாகத்தான் இருந்திருக்கும். அந்த அம்புக்கு ஆதாரம் கடைசிவரை கிடைக்கவில்லை. அம்பு வரையும் முன் யோசியுங்கள்.

காலம் பற்றி ஒன்று. பருவம் டிசம்பரில் ஏறி மே வரை நிற்கும், மழை விழுந்தால் இறங்கும். ஜனவரி முதல் டிசம்பர் என்று வருடம் கட்டினால் ஒரே பருவம் இரண்டு துண்டாகிவிடும், டிசம்பர் கேஸ்கள் முந்தைய வருடத்தோடு போய்ச் சேரும். ஜூலை முதல் ஜூன் என்று வையுங்கள். அடுத்து, இந்தப் பருவத்தில் ஒரு குரங்கு செத்த இடத்தில் ரத்தம் குடித்த உண்ணிகள் அடுத்த வளர்நிலைக்குப் போகும்போதும் வைரஸைத் தங்களோடு கொண்டுபோகின்றன. எனவே குரங்கு இறந்த புள்ளி அந்த வருடத்தோடு அணைந்துவிடக் கூடாது. அடுத்த பருவம் முடியும்வரை மங்கலாகவாவது நிற்கட்டும்.

---

ஈரநிலம்

டாக்டர் சார், "2012 கடைசியில்" என்று நான் எழுதியதும் "2013" என்று எழுதியதும் அப்படிப் பார்த்தால் ஒரே பருவம், 2012-13. பந்திப்பூர், நீலகிரி, வயநாடு மூன்றும் ஒரே சட்டகத்தில் வந்துவிடுகின்றன. கூடலூரான் அண்ணே காட்டு எல்லையை வைத்துச் சொன்னதை நாட்காட்டியும் சொல்கிறது.

---

பொறுப்பாளர்_3

ஒரு விஷயம் கேட்டாக வேண்டும். இந்தப் படத்தைப் பொதுவில் போடப் போகிறீர்களா? வயநாட்டில் 2015-ல் புல்பள்ளி வட்டாரத்தில் நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நிறையப் பேர் காட்டை நம்பிப் பிழைக்கும் பழங்குடி மக்கள். இருபது வீடு உள்ள ஒரு குடியிருப்பின் மேல் புள்ளி வைத்து 2015 என்று எழுதினால், யாருக்கு வந்தது என்று அந்த வட்டாரத்துக்கே தெரியும். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் தள்ளி உட்காரவைப்பார்கள், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். மனிதரிடமிருந்து தொற்றாது என்று நாம் விளக்கிக்கொண்டிருப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

---

ஓய்வுபெற்ற_ஹெச்ஐ

நியாயமான கேள்வி. ஆனால் புள்ளியை எடுத்துவிட்டுப் பெரிய சதுரக் கட்டமாகக் காட்டினால் களத்தில் வேலை செய்கிறவனுக்கு அந்தப் படம் உதவாது. செத்த குரங்கைச் சுற்றி 50 அடிக்கு மாலத்தியான் பூச்சிமருந்து தூவ வேண்டும், அந்தக் குடியிருப்பில் காட்டுக்குப் போகிறவர்களுக்கு உடம்பில் பூசும் உண்ணிவிரட்டி எண்ணெய் கொடுக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் கட்டத்தைக் காட்டி "இதற்குள் எங்கேயோ" என்றால் நர்ஸம்மா எங்கே போவார்?

---

மலநாட்டுத்தமிழ்

சார், களத்துக்கு ஒரு படம், ஊருக்கு ஒரு படம். அதில் என்ன கஷ்டம்? ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டுவதற்குக் குரங்கு இறந்த இடங்கள் மட்டும் துல்லியமாக இருக்கட்டும். செத்த குரங்குக்கு அவமானம் இல்லை. மனிதக் கேஸ் கட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். எங்கள் ஊர் ஆட்களுக்குத் தேவையானதும் அதுதான்: எந்தச் சரிவுக்கு இந்த மாதம் போகக் கூடாது.

---

ஓய்வுபெற்ற_ஹெச்ஐ

அம்மா சொன்ன வழி நடக்கும். அதிலும் குரங்கு அடுக்கில் "பரிசோதித்து உறுதியானது", "பரிசோதித்து இல்லை என்று வந்தது", "அழுகிப்போனதால் மாதிரி எடுக்க முடியாதது" மூன்றையும் பிரித்துவிடுங்கள். மூன்றாவதுதான் அதிகம் இருக்கும். தகவல் வந்து ஆள் போய்ச் சேர்வதற்குள் மாதிரி எடுக்கிற நிலை தாண்டியிருக்கும்.

---

ஈரநிலம்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். தாலுகா எல்லையும் காட்டு எல்லையும் கீழே, மாநில எல்லை மெல்லிய புள்ளிக்கோடாக. காலம் பருவக்கணக்கில். மனிதக் கேஸ் 10 கி.மீ. கட்டம், குரங்கு இறப்பு புள்ளி. தேதியில் காய்ச்சல் தொடங்கிய நாள் கிடைக்காத வரிகளுக்குத் தனிக் குறி.

இதற்கும் மேலே ஓர் அடுக்கு சேர்க்கப் போகிறேன்: எந்தத் தாலுகாவில் எந்தப் பருவத்தில் ஒரு மாதிரியாவது பரிசோதனைக்குப் போனது என்று. போய், இல்லை என்று வந்த இடம் வெளிர்பச்சை. மாதிரியே போகாத இடம் சாம்பல். 1957 முதல் 2011 வரை ஓடவிட்டால் கிட்டத்தட்ட மொத்த மலையும் சாம்பலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டு 2012-க்கு வருகிறவர் அதைப் பாய்ச்சல் என்று படிக்க மாட்டார்.

---

கூடலூரான்

தம்பி, எங்க பக்கம் வாட்ஸ்ஆப் குரூப்ல இந்தக் குரங்கு அடுக்குக்குத் தகவல் கேக்கலாமா? மேய்க்கப் போறவங்க, தேன் எடுக்கப் போறவங்கதான் முதல்ல பாப்பாங்க.

---

மாட்டுவைத்தியர்

கேட்கலாம், ஆனால் கூடவே இதையும் போடுங்கள். செத்த குரங்கைத் தொடக் கூடாது, குச்சியால் புரட்டக்கூடக் கூடாது, கிட்டே நின்று போட்டோ எடுக்கக் கூடாது. உடம்பு குளிர்ந்ததும் உண்ணிகள் இறங்கிச் சுற்றியுள்ள சருகில்தான் இருக்கும். தள்ளி நின்று ஜிபிஎஸ் இடத்தை மட்டும் வனச்சரக அலுவலகத்துக்கும் பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கும் அனுப்பினால் போதும். வீட்டுக்கு வந்ததும் துணியைச் சுடுதண்ணீரில் போட்டு, சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். ரோட்டில் அடிபட்டுச் செத்த குரங்கென்றால் அதையும் அப்படியே குறித்து அனுப்பட்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலை முழுக்கப் புள்ளி விழுந்துவிடும்.

---

ஈரநிலம்

நன்றி டாக்டர் சார், இதைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். முதலில் பந்திப்பூர், முதுமலை, முத்தங்கா பகுதியை முடித்து இங்கே ஏற்றுகிறேன். குடகு, சக்லேஷ்பூர் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இந்த இழையைப் பார்த்தால் பதில் போடுங்கள். அங்கே எந்த வருடத்திலாவது காய்ச்சல் மாதிரியோ குரங்கு மாதிரியோ இந்த நோய்க்காக அனுப்பியிருந்தால், இல்லை என்று முடிவு வந்திருந்தாலும் எனக்கு அது வேண்டும். அந்த 200 கிலோமீட்டரில் பச்சை எங்கே, சாம்பல் எங்கே என்று தெரியாமல் தெற்குப் பக்கத்தை நான் ஓடவிடப் போவதில்லை.